பெரிய கிளாக்கருக்கு வாங்கிய நண்டு

கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்த காலத்தில் நான் ஊருக்கு மாற்றம் கேட்டு ஐந்து கடிதம் எழுதினேன். ஐந்துக்கும் ஒரே பதில்தான்: பதிலே இல்லை. அறுபதுகளின் நடுப்பகுதி அது. என் மனைவியும் மகளும் பெரியகல்லாற்றில், மாமியின் வீட்டில் இருந்தார்கள். மாமியின் வீடு என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் எழுதப்படும். கல்யாணம் கட்டினால் ஆண்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் போனேன். போய் மூன்றாம் மாதம் கொழும்பு வேலை கிடைத்து, அந்தப் பெட்டியையே திரும்பத் தூக்கிக்கொண்டு ரெயில் ஏறினேன்.

மனைவியைக் கொழும்புக்குக் கூட்டிப்போகலாமே என்று கேட்பீர்கள். மாமிக்கு அவள் ஒரே மகள். மாமா கல்யாணத்துக்கு முன்னமே காலமாகிவிட்டார். தாயைத் தனியே விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னாலும், மூன்று கிளாக்கர்மார் படுக்கிற அறையில் அவளுக்கும் பிள்ளைக்கும் எங்கே பாய் விரிப்பது? ஆகவே வருடத்தில் மூன்று தடவை, அரசாங்கம் தருகிற இலவச ரெயில் வாரண்டில் ஏறிப் போய் வருவேன். மகள் பிறந்ததும், தவழ்ந்ததும், நடந்ததும் எனக்குக் கடிதத்தில்தான் வந்து சேர்ந்தன. அப்போது அவளுக்கு மூன்றரை வயது.

மாற்றக் கடிதங்கள் எல்லாம் எங்கள் பெரிய கிளாக்கரின் மேசையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். முழுக்கைச் சட்டை, தங்க நிறத்தில் மூக்குக்கண்ணாடி, யாரிடமும் ஒரு சொல்லுக்கு மேல் பேசமாட்டார். மாற்றத்தைப் பற்றிக் கேட்டால் "பாப்பம்" என்பார். அந்தப் 'பாப்பம்' என்ற சொல்லை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அப்படிப்பட்ட மனிதர் ஓர் ஓகஸ்ட் மாதம் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு, தானும் மனைவியும் நாலு நாள் மட்டக்களப்புப் பக்கம் வர யோசிப்பதாகவும், நான் அந்தப் பக்கத்து ஆள் என்பதால் தங்க இடம் ஏதும் தெரியுமா என்றும் கேட்டார்.

எனக்குத் தலை கால் தெரியவில்லை. எங்கள் வீடு இருக்கும்போது வேறு இடம் எதற்கு சேர் என்றேன். அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தேன். அன்று பின்னேரமே மனைவிக்கு இரண்டு தாள் கடிதம். விடியக் கடற்குளிப்பு, பின்னேரம் வாவியில் தோணி, இடையில் சாப்பாடு. சாப்பாடு என்றால் என்ன சாப்பாடு? வாவி நண்டு, இறால், ஒட்டி, மணலை, வயிறு நிறைய முட்டையோடு கொய் மீன். கொழும்பில் ஐஸில் கிடந்து கண் வெளுத்த மீனைத் தின்கிற மனிதருக்கு எங்கள் வாவி நண்டைக் காட்டினால் மாற்றம் என்ன, மகுடமே தருவார் என்று எழுதினேன். அந்த ஒரு வரியை மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ரெயிலில் பெரிய கிளாக்கரின் மனைவியை முதன்முதலாகக் கண்டேன். மூன்று பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்திலேயே இருப்பவர். பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டுக் கணவனிடம் வந்திருந்தார். மட்டக்களப்பில் இறங்கி, கல்லடிப் பாலத்தால் பஸ்ஸில் போய், காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமி சும்மா இருக்கவில்லை. குசினிக்குள்ளே இருந்து இறால் பொரியல் வாசம் ஒழுங்கை வரைக்கும் வந்து எங்களைக் கூட்டிப்போனது. பின்வளவில் ஒரு பெரிய கூடை நிறைய நண்டு, கால் கட்டின நண்டு, தங்களுக்குள் சண்டை பிடித்துக் கிரீச்சிட்டுக்கொண்டு கிடந்தது. கிணற்றடிக்குக் கைகழுவப் போன விருந்தாளிகள் இருவரும் அந்தக் கூடையைக் கண்டு அப்படியே நின்றார்கள். அந்த அம்மா என் மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

"நல்லூரில கொடி ஏறி அஞ்சு நாளாச்சு பிள்ளை. தேர், தீர்த்தம் முடியுமட்டும் நாங்கள் மச்சம் தொடுறேல்லை."

நல்லூர்க் கோயில் திருவிழா முடியும் வரைக்கும் மீனோ இறைச்சியோ, இருபத்தைந்து நாளைக்கு இல்லை. நான் மெதடிஸ்தக் கிறிஸ்தவன். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற கலண்டரில் நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும்தான் சிவப்புக் கோடு. ஓகஸ்ட் மாதம் என்றால் எனக்குக் கச்சான் என்கிற மேல்காற்றும் பனம்பழமும்தான் ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்துச் சைவக்காரருக்கு ஓகஸ்டில் நல்லூர் என்பது பக்கத்து மேசையில் ஆறு வருடம் இருந்தும் என் மண்டையில் ஏறவில்லை. அது மட்டுமா? அவர்கள் வந்ததே கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலில் அந்த அம்மாவின் நேர்த்திக்கடன் ஒன்றைத் தீர்க்க. நான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தேனா? மட்டக்களப்பு என்றதும் நண்டு என்று முடிவு கட்டிவிட்டேன். என்னை நானே செருப்பால் அடிக்கலாம்போல இருந்தது.

மாமி அழுதே போனார். மாமி என்னோடு நேரே பேசுவதில்லை. மருமகனுக்குக் கொடுக்கிற மரியாதை அது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மீன் வெந்த சட்டியில் அவர்களுக்கு எப்படி ஆக்கிக் கொடுப்பது என்று அவரிடம் கேள் என்று என் மனைவியிடம் சொன்னார். எனக்கு என்ன தெரியும்? பிறகு அவரே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனவர், அரை மணித்தியாலத்தில் ஆறு புதுச்சட்டியும் இரண்டு புதுப் பானையும் தலையிலும் இடுப்பிலுமாகக் கொண்டுவந்தார். பின்வளவில் மூன்று கல் வைத்துத் தனி அடுப்பு மூட்டினார். கல்லாறு முழுக்க மீன் காயும் ஊர். அந்த ஊரில் மரக்கறி தேடி அன்றைக்கு நான் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, தபால்காரனும் அப்படி ஓடியிருக்கமாட்டான். இரண்டு பூசணிக்காய், ஒரு கட்டுப் பயத்தங்காய், யாருடையதோ வேலியில் முருங்கையிலை.

அந்த நண்டு என்ன ஆனது என்று கேட்கவேண்டும் நீங்கள். அதை மனைவியும் மாமியும் அயல் வீட்டாரும் பின்வளவில் இருந்து, ஓடு உடைக்கிற சத்தம் முன்னுக்குக் கேட்காமல், சேலைத் துண்டில் சுற்றி உடைத்துச் சாப்பிட்டார்கள். நான்? விருந்தாளியைத் தனியே விட்டுவிட்டுச் சாப்பிடுவது அழகா? முன்விறாந்தையில் அவர்களோடு இருந்து பூசணிக்காய்ப் பால்கறி சாப்பிட்டேன். நாலு மாதத்துக்கு ஒருக்கால் வீட்டுக்கு வருகிறவன் நான். காற்று வேறு பின்பக்கத்தில் இருந்து வீசியது. பெரிய கிளாக்கரும் ஒருமுறை மூக்கை உயர்த்தி மோந்து பார்த்துவிட்டு, மனைவியைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து பூசணிக்காயைப் பிசைந்தார். அந்த மனிதர்மேல் எனக்கு முதன்முதலாக ஒரு பாசம் வந்தது அப்போதுதான்.

அடுத்த நாள் விடியக் கடலுக்குக் கூட்டிப்போனேன். ஓகஸ்டில் எங்கள் கடல் குளம்போலக் கிடக்கும். கச்சான் காற்று தரையில் இருந்து வீசி அலையை அமுக்கிவிடும். முழுக்கைச் சட்டைக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியவர் ஒரு மணித்தியாலமாக ஏறவில்லை. கரைவலை இழுக்கிறவர்கள் ஏலேலோ போட்டு இழுக்க, இவரும் ஓடிப்போய்க் கயிற்றில் கை வைத்தார். கந்தோரில் பைலைக் கூடத் தானே தூக்காத மனிதர். வலையில் மீன் வந்ததும், தொடாமல், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். விசாரித்ததில் சமயம் கெடாதுதானே.

திரும்பும் வழியில் பஸ் நிற்கிற சந்தியில் தேத்தண்ணிக் கடையில் நுழைந்தோம். அந்தக் கடையின் வடை சுற்றுவட்டாரத்தில் பெயர் போனது. கடலைப் பருப்பில் தட்டி, மேலே ஒரு முழு இறாலை அழுத்தி, மொறுமொறுவென்று பொரித்திருப்பார்கள். இறால் இல்லாத வடை இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பெரிய கிளாக்கர், பரவாயில்லை, இறாலை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடலாம், பருப்பில் என்ன இருக்கிறது என்றார். அந்த அம்மா வீட்டில் என் மனைவியோடு இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். நான் றோட்டில் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேண்டுமென்றேதான் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது வடையும் இல்லை, கடதாசியில் எடுத்து வைத்த இறாலும் இல்லை. அவர் மீசையைத் துடைத்துவிட்டு, எங்கள் ஊர்த் தேத்தண்ணியில் நல்ல வாசம் என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இனி என் மாற்றம் என் கையில் என்று ஒரு கீழ்த்தரமான நினைப்பு எனக்கு ஓடியது. இரண்டு வாய் தேத்தண்ணி குடிப்பதற்குள் அது போய்விட்டது. ஒரு இறாலுக்காக ஒரு மனிதரைப் பிடித்து ஆட்டுகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

மூன்றாம் நாள் தோணி பிடித்து வாவியைக் கடந்து பழுகாமத்துக்குப் போனோம். கொக்கட்டிச்சோலைக்கு அங்கிருந்து மாட்டுவண்டி. அன்று கோயிலடியில் ஒரு வீட்டில் தங்கி, விடியப் பூசை பார்த்து, அம்மா தன் நேர்த்தியைத் தீர்த்தார். என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மெதடிஸ்தன் நான் வெளிவீதியில் ஆலமரத்தின் கீழ் வண்டிக்காரனோடு கச்சான் கொட்டை, அதாவது நிலக்கடலை, உடைத்துக்கொண்டிருந்தேன். வண்டி திரும்பிப் பழுகாமத்துக்கு வரும்போது வெயில் உச்சி. அங்கே மாமிக்குத் தெரிந்த ஒரு வேளாண்மைக்காரர் எங்களை மறித்து, சோறு தின்னாமல் தோணியில் ஏறினால் தோணியைக் கவிழ்ப்பேன் என்று மிரட்டி உள்ளே கூட்டிப்போனார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த நாலு நாளில் சாப்பாடு என்றால் அதுதான் சாப்பாடு. அவருடைய வட்டையில், அதாவது அவருடைய வயல்வெளியில், போன மாதம் வெட்டிய புதுநெல்லுச் சோறு. பொன்னாங்காணிச் சுண்டல், கத்தரிக்காய்ப் பொரிச்ச கறி, மாங்காய்ச் சம்பல். பிறகு எருமைத் தயிர். சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்; தயிர் அசையவில்லை. அதன்மேல் சீனியைத் தூவி, ஆளுக்கு அரைச் சட்டி. முடியவில்லை என்று கையெடுத்தபோது பனங்காய்ப் பணியாரம் வந்தது. பெரிய கிளாக்கர் இடுப்புப் பட்டியை இரண்டு துளை தளர்த்தினார். பிறகு சட்டையையே கழற்றிக் கொப்பில் போட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் பாயில் கிடந்து குறட்டை விட்டார்.

எழும்பியதும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். மாற்றத்தைப் பற்றிக் கேட்க இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். தயிர்ச்சட்டி இன்னும் பக்கத்தில் கிடந்தது. ஊட்டிவிட்டுக் கூலி கேட்பதுபோல இருந்தது எனக்கு. தோணிக்கு நேரமாகிறது சேர் என்று மட்டும் சொன்னேன். தோணியில் வரும் வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து விறாந்தையில் மூன்று பேரும் இருந்தோம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் வெத்திலைத் தட்டம் வைப்பார்கள். எங்களைப்போல வேதக்காரர் வீடென்றாலும் அப்படித்தான். முதல் நாள் மாமிதான் வைத்தார். மகளுக்கு அந்த மூன்று நாளும் வெட்கம். மாமியின் சேலைக்குள்தான் ஒளிந்திருந்தாள். எனக்கும் அவளைத் தூக்க எங்கே நேரம்? பூசணிக்காய்க்கும் தோணிக்கும் ஓடினதுதானே. அன்று வெட்கம் தெளிந்து, தானே வைக்கப்போவதாக அடம் பிடித்திருக்கிறாள். இரண்டு கையாலும் தட்டத்தைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓரடி ஓரடியாக வந்தாள். பெரிய கிளாக்கரின் அம்மாவின் முன் அம்மா எடுத்தார். பெரிய கிளாக்கரின் முன் நீட்டினாள். அவரும் எடுத்தார். பிறகு அதே மரியாதையோடு என் முன்னால் வந்து நின்று தட்டத்தை நீட்டினாள்.

"எடுங்க," என்றாள். "நீங்க மூணு பேரும் எப்ப போற?"

பிள்ளையைக் குறை சொல்லமுடியாது. நான் ஒவ்வொரு முறையும் கொழும்பில் இருந்து வந்து இறங்கும்போது மாமி எனக்கும் அந்தத் தட்டத்தைத்தான் வைப்பார். எனக்கு அதில் பெருமை. வருகிறவர், வெத்திலை எடுக்கிறவர், நல்ல கறி தின்கிறவர், நாலாம் நாள் போகிறவர். அவள் கண்டது அவ்வளவுதான். உள்ளே மனைவி சிரித்த சத்தம் கேட்டது; நானும் சிரித்தேன். பெரிய கிளாக்கர் சிரிக்கவில்லை. அவருடைய மனைவி அவரைத் திரும்பிப் பார்த்து, கோபமில்லாமல், சாதாரணமாகச் சொன்னார்:

"எங்கட மூண்டும் இப்பிடித்தானே வளந்தது."

அதற்குப் பிறகு பெரிய கிளாக்கர் வெத்திலையைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் கெட்டுப்போச்சு, மனிதரின் மனதைப் புண்படுத்திவிட்டோம் என்றே நான் நினைத்தேன். மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். அடுத்த நாள் ரெயிலில் வெலிக்கந்தை தாண்டும் வரைக்கும் அவர் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். அந்த அம்மா யன்னல் ஓரத்தில் நித்திரை. பேப்பரை மடிக்காமலே அதற்குப் பின்னால் இருந்து சொன்னார்.

"ஐசே, நீர் மாற்றத்துக்கு எழுதினதெல்லாம் எங்கயோ அடியில கிடக்கும். புதுசா ஒண்டு எழுதித் தாரும். நாளைக்கே தாரும்."

ஓம் சேர் என்றேன். பேப்பருக்குப் பின்னால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது தெரிந்தது. சில நிமிடம் கழித்து, அந்தச் சந்திக் கடை வடையைப் பற்றி வீட்டில் மூச்சுக் காட்ட வேண்டாம் என்றும் மெல்லச் சொன்னார். அதற்கும் ஓம் சேர் என்றேன்.

தை மாதம் மாற்றம் வந்தது. மட்டக்களப்பில் கந்தோர், கல்லாற்றில் இருந்து தினமும் பஸ். முதல் ஒரு கிழமை மாமி என்னைப் பழையபடிதான் வைத்திருந்தார்: தனிக் கதிரை, முதல் சோறு, மீனின் நடுத்துண்டு, கதவுக்குப் பின்னால் நின்று என் மனைவி மூலம் பேச்சு. போகிற நாள் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்போல. எட்டாம் நாள் விடிய நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். மழை. மனைவி கிணற்றடியில் நின்றாள். மாமி மட்டும் அடுப்படியில் குந்தியிருந்தார். காலைக்கு என்ன என்று நான் கேட்க, அவர் என் மனைவியைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். காணவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சோற்றை ஒரு கோப்பையில் பிழிந்து போட்டு, முந்தின நாள் மீன்குழம்பின் அடிமண்டியைச் சுரண்டி ஊற்றி, ஒரு பச்சை மிளகாயையும் வெங்காயத்தையும் வைத்து, என் முன்னால் தரையில் தள்ளினார்.

"இரிக்கிறதத் தின்னுங்க மனே. ஒவ்வொரு நாளும் விருந்து ஆக்க எனக்கு ஏலா."

மனே என்பது எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற சொல். நான் தரையில் சப்பணம் போட்டு இருந்தேன். எங்கிருந்தோ மகளும் நித்திரைக் கண்ணோடு வந்து, கேட்காமலே என் கோப்பைக்குள் கையை விட்டாள். குழம்பு உறைத்ததென்று அவர்களிடம் சொன்னேன். உறைத்துத்தான் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று மாமி நம்பினாரோ தெரியாது, இன்னும் ஒரு பிடி சோறு போட்டார்.